அக்காவின் எதிரே ஒரு மணல் டின்

அக்காவின் கால் தரையை விட்டு எழக் கூடாது என்று அந்நாட்களில் எங்கள் குடும்பம் நம்பியது. கால் தரையில் இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் ஆகாது. எழுந்தால் வலிப்பு வந்துவிடும். டாக்டர் சொன்னது வேறு. தண்ணீர், நெருப்பு, உயரம் ஆகிய மூன்றின் பக்கத்திலும் அவளைத் தனியாக விடாதீர்கள் என்றுதான் அவர் சொன்னார். வலிப்பு வரும் நேரத்தில் அவள் அங்கே இருந்தால் ஆபத்து என்பதே அதன் பொருள். ஆனால் நெய்வேலி மருத்துவமனையிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நடந்து வந்து சேர்வதற்குள் அம்மாவின் மனத்தில் அது தலைகீழாக மாறியிருந்தது. உயரம்தான் வலிப்பை வரவழைக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அன்று முதல் அக்காவுக்குப் பாய், எனக்குக் கட்டில். அக்கா முக்காலியில் ஏறக் கூடாது, சைக்கிளின் பின்னால் உட்காரக் கூடாது, கொய்யா மரத்தின் கவட்டையில் கால் வைக்கக் கூடாது. பேருந்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில் அம்மாவுக்கே தெளிவில்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம், அக்காவின் பாதங்கள் பேருந்தின் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று வழி நெடுகக் குனிந்து பார்த்துக்கொண்டே வருவாள்.

அக்காவுக்கு அப்போது பத்து வயது. எனக்கு எட்டு. எழுபதுகளின் பின்பாதி. அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஃபிட்டர். மண்ணையும் நிலக்கரியையும் மைல்கணக்கில் சுமந்துகொண்டு ஓடும் ரப்பர் பெல்ட்டைப் பழுது பார்ப்பது அவர் வேலை. பிற்பகல்களில் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். ஜன்னல் கண்ணாடிகள் ஒருமுறை அதிர்ந்து அடங்கும். அந்த நேரத்தில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாலும் அதை விட்டுவிட்டு அக்காவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மா பார்ப்பதை நான் பார்ப்பேன். எங்கள் வீட்டில் அச்சம் இந்த வரிசையில்தான் கைமாறியது.

நோயின் பெயரை நாங்கள் வெளியே சொன்னதில்லை. மாத்திரைகள் காபித்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்தன. "நாளைக்கு ஒரு இடத்துல குடுக்க வேண்டிய பிள்ள" என்பாள் அம்மா. அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் விளக்கம் கிடையாது.

மறைத்ததற்கான விலையை அக்காதான் கொடுத்தாள். எங்கள் பிளாக்கின் பூங்காவில் ஒரு சீசா இருந்தது. ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் அக்கா அதில் ஏறினாள். எதிர் முனையில் பக்கத்து வீட்டுப் பெண், அவளும் பத்து வயதுக்காரி. அக்கா கீழே இருந்த வேளையில் அவளுக்கு வலிப்பு தொட்டுப் பார்த்ததுபோல் வந்துபோயிற்று, சில நொடிகள்தான். அவள் பக்கவாட்டில் மண்ணில் சரிந்துவிட்டாள். பாரம் விலகியதும் எதிர் முனை மேலிருந்து தடாலென்று விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மோவாயில் அடி, பல் பட்டு நாக்கில் ரத்தம். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தபோது அக்கா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தாள். நடுவில் குதித்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பக்கத்து வீட்டு அத்தை எங்கள் வாசலில் வந்து நின்று கேட்டாள். அவள் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரி, விவசாயக் குடும்பம், கணவருக்குச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. "இன்னாங்க, புள்ளைய இப்பிடியா வளக்கறது? நடுவுல குதிச்சுட்டு சிரிச்சுக்கினு நிக்குதாமே!"

அக்கா சிரிக்கவில்லை. வலிப்பு விட்ட பிறகு அவள் முகத்தில் ஓர் அசட்டுத் தளர்ச்சி வரும். அதைச் சிரிப்பு என்று நினைத்திருக்கிறார்கள். அம்மா அதை விளக்கவில்லை. அக்காவை முன்னால் இழுத்து நிறுத்தி, "அத்தைட்ட மன்னிப்புக் கேளுட்டி. இனிமே குதிக்க மாட்டேன்னு சொல்லு" என்றாள். அக்கா அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "இனிமே குதிக்க மாட்டேன் அத்தே" என்றாள்.

அதற்குப் பின் பூங்காவில் எவரும் அவளுக்கு எதிரே உட்காரவில்லை. "குதிக்கிறவ வர்றாடி" என்று சொல்லி இறங்கிவிடுவார்கள். அவள் தாழ்ந்து கிடக்கும் முனையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வருவாள்.

அப்பா முதலில் என்னைத்தான் கேட்டார். "நீ எதுத்தாப்ல உக்காரேன் பிள்ள. பதுக்க ஆடினாப் போதும்."

நான் மாட்டேன் என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தவள் நான். அப்பா இரண்டாம் முறை கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவர் எண்ணியிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடும் அதன் நடுவே ஒரு முக்கோணமும் வரைந்துகொண்டிருந்தார். கோட்டின் ஒரு முனையில் ஒரு பெண். மறு முனையில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டி இருந்த இடம் என்னுடையது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

ஒருவர் மட்டும் ஆடும் சீசாவில் எல்லாமே எதிர்ப் பாரத்தில்தான் இருக்கிறது என்றார் அப்பா. பாரம் மிகுந்தால் ஏறியவள் மேலேயே நின்றுவிடுவாள். மிகவும் குறைந்தால் தரையை விட்டு எழவே மாட்டாள். அவளைவிடக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். காலால் உந்தினால் மேலே போக வேண்டும். உந்தாவிட்டால் தானாக இறங்கிவிட வேண்டும். அக்காவைக் கூட்டுறவுப் பண்டகசாலையின் தராசில் நிற்க வைத்து எடை பார்த்தார். மண்ணெண்ணெய் டின் ஒன்றில் மணலை நிரப்பி, ஒரு பிடி எடுத்தும் ஒரு பிடி போட்டும் ஒரு மாலை முழுவதும் சரி பார்த்தார். மழைநீர் புகுந்து கனம் கூடாமலிருக்க மூடி போட்டுத் தார் பூசினார். பலகை வடக்குத்து மரக்கடையில் வாங்கியது. நடுவில் சுழல்வதற்குப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பேரிங். பின்கட்டில் பலா மரத்துக்கும் காட்டாமணக்கு வேலிக்கும் இடையே அது எழுந்து நின்றது.

வேலிக்கு மேல் தலை தெரிய எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னாங்க இது, ஏத்தமா? கெணறு எங்க, சாலு எங்க? யாரு வயலுக்குத் தண்ணி எறைக்கப் போறீங்க?"

"எங்க வீட்டுக்குத்தான்" என்றார் அப்பா, நிமிராமல்.

அம்மா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். "கால் எந்திரிக்குமே."

"எந்திரிச்சாலும் தானா எறங்கிரும். அவ அசையாம இருந்தாப் போதும்."

"எறங்குறதுக்குள்ள என்னமும் ஆயிட்டா? நீங்க பெல்ட்டுக்குக் கயிறு கட்டியிருக்கம்பீங்களே, இதுக்கு ஏன் கட்டல?"

சுரங்கத்தில் கன்வேயரின் ஓரம் நெடுக ஒரு கயிறு ஓடும். யாருடைய கையோ துணியோ பெல்ட்டில் சிக்கினால், பக்கத்தில் நிற்பவர் அதைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்த கணத்தில் பெல்ட் நின்றுவிடும். பிறகு யாரும் அவசரப்பட்டு ஓட்டிவிடாதபடி, அந்த இடத்துக்கே போய்க் கையால் விடுவித்தால்தான் மறுபடி ஓடும். அந்தக் கயிற்றால் உயிர் பிழைத்தவர்களைப் பற்றி அப்பா எங்களுக்குக் கதைகதையாகச் சொல்லியிருக்கிறார். அம்மா கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. இரண்டே நாட்களில் பலகைக்கடியில் ஒரு மர ஆப்பைப் பொருத்தி அதிலிருந்து ஒரு கயிற்றை வெளியே விட்டார். இழுத்தால் ஆப்பு இடுக்கில் விழும். பலகை எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். விடுவிக்க வேண்டுமானால் மறுபக்கத்திலிருந்து கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். அந்த மரச் சுத்தியலைப் பலா மரத்தில் ஓர் ஆணியில் மாட்டினார். அம்மா தன் பங்குக்குப் பழைய நூல்சேலை ஒன்றை நாலாக மடித்து, அக்காவின் இடுப்பைப் பலகையோடு சேர்த்துக் கட்டினாள்.

கயிறு என் கையில் கொடுக்கப்பட்டது.

"கண்ணு செருகினா இழு. கூப்பிட்டுப் பதில் சொல்லலன்னா இழு" என்றார் அப்பா. "யோசிக்காத. இழுத்துப்போட்டு அப்புறமா யோசி."

அந்தச் சீசா ஆடிய மாதங்களில் நான் வேறெதையும் விளையாடியதாக நினைவில்லை. பள்ளி விட்டு வந்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அக்கா தரையை உந்துவாள். பாதங்கள் மண்ணை விட்டுப் பிரியும் அந்த நொடியில் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வேன். அவள் மேலே போவாள். எதிரே டின் பேசாமல் கீழே வரும். அவள் இறங்குவாள், ஆளில்லாத முனை தானாக எழும். எனக்கு அந்த முனையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தேன், இமைக்காமல்.

"ஏட்டி, என்னையே முறைக்காத. கொக்கு மீனப் பாக்குத மாதிரி இருக்கு."

"பேசிட்டே இரு. பேசலன்னா இழுத்துருவேன்."

"பயந்தாங்கொள்ளி. பயந்தாங்கொள்ளி. பயந்தாங்கொள்ளி. போதுமா? பேசிட்டேன்."

ஒருநாள் அவள் மேலே இருந்தபோது காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு சுகமாகக் கண்களை மூடினாள். நான் இழுத்துவிட்டேன். பலகை டக்கென்று நின்றது. "என்னய எறக்குட்டி!" என்று அவள் மேலிருந்தபடியே கத்தினாள். எனக்கு ஆப்பைத் தட்டத் தெரியவில்லை. அப்பா வந்துதான் விடுவித்தார். "சரியாத்தான் செஞ்சிருக்கா" என்று என் தலையைத் தடவினார். அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். கயிறு வேலை செய்கிறது என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அக்கா அந்தரத்தில் நின்றதை ஒருவரும் பார்க்கவில்லை.

அது நடந்த நாளில் அப்பாவுக்கு இரவு ஷிப்ட், போவதற்கு முன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா மண்ணெண்ணெய் வாங்கக் கேனோடு போயிருந்தாள். வெயில் பலா மரத்தின் மேல்கிளைகளுக்குப் போயிருந்த நேரம். அக்கா வகுப்பில் யாரோ ஒரு பெண்ணின் நடையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே ஆடினாள். பாதி வாக்கியத்தில் குரல் நின்றது. யாரோ அழைத்ததைக் கேட்டவள்போல் தலை ஒரு பக்கம் திரும்பியது. பிறகு கருவிழிகள் மேலே போயின.

நான் யோசிக்கவில்லை. இழுத்தேன்.

ஆப்பு விழுந்தது. பலகை நின்றது. அக்கா உச்சியில் இருந்தாள்.

அவள் உடம்பு முதலில் விறைத்தது. பிறகு உலுக்கத் தொடங்கியது. உலுக்கலில் இடப்பக்கமாகச் சரிந்தாள். இடுப்பில் இருந்த சேலைக்கட்டு அவளை விழவிடவில்லை. அது விலாவுக்கு ஏறி, அக்குளுக்கு ஏறி இறுகியது. தலை கீழே தொங்கியது. நான் ஓடிப்போய்த் தலையைத் தாங்கினேன். அவ்வளவுதான் எனக்கு எட்டியது. அவளைத் தூக்கும் வலு எனக்கில்லை. அவள் வாயிலிருந்து வழிந்த நுரை என் மணிக்கட்டில் இறங்கியது. உதடுகள் நாவற்பழத்தின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. கொட்டாப்புளி ஆறடி தள்ளி மரத்தில் தொங்கியது. தலையை விட்டால் அது பலகையின் விளிம்பில் மோதும். விடாவிட்டால் ஆப்பைத் தட்ட முடியாது. ஒருவர் மட்டும் ஏறுவதற்காகச் செய்த பலகை அது. ஒருவராக நின்று அதிலிருந்து அவளை இறக்க முடியவில்லை.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். "அப்பா" என்று வந்தது, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல. ஷிப்ட் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பகலில் கத்திப் பழக்கமில்லை. எங்களுடைய குவார்ட்டர்ஸில் பகல் என்பது ஒருவர் தூங்கும் நேரம். நாங்கள் சிரிப்பதும் சண்டை போடுவதும்கூட மெல்லிய குரலில்தான். ஜன்னலில் கறுப்புத் துணி, மேலே மின்விசிறியின் இரைச்சல். அவருக்குக் கேட்காது. வேலிக்கு அப்பால் அத்தை அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவளைக் கூப்பிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். அதை எண்ணி நான் சில நொடிகள் கூப்பிடாமல் நின்றேன். எத்தனை நொடிகள் என்று எனக்குத் தெரியாது. அக்காவின் உதடுகளைப் பார்த்துக்கொண்டே கூப்பிடாமல் நின்றேன் என்பது மட்டும் தெரியும்.

பிறகு, என்னுடையது என்று எனக்கே தெரியாத ஒரு குரலில், "அத்தே!" என்று அலறினேன்.

காட்டாமணக்குக் கிளைகளை முறித்துக்கொண்டு அவள் வந்தாள். கைகளில் அரைத்த மிளகாய். "ஐயையோ, இன்னாடி இது! புள்ள தொங்கிக்கினு இருக்குது!" என்றவள், மறுகணம் அக்காவின் மார்புக்கடியில் தன் தோளைக் கொடுத்து அப்படியே மேலே தூக்கினாள். சேலை தளர்ந்தது. "நின்னுக்கினு பாக்காத! ஆப்பத் தட்டுடி! அந்தாண்டையிலேருந்து தட்டு!"

கொட்டாப்புளியை எடுத்துத் தட்டினேன். முதல் இரண்டு அடிகளும் கம்பத்தில் பட்டன. மூன்றாவதில் ஆப்பு தெறித்தது. பலகை அக்காவோடு தானாக, ஓசையில்லாமல், மிக மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. அப்பா கணக்கிட்டபடியே இறங்கியது.

அத்தை முடிச்சை அவிழ்த்து அக்காவைப் பக்கவாட்டில் கிடத்தினாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். இரும்பு பிடித்தால் விட்டுவிடும் என்பது அவள் நம்பிக்கை. உலுக்கல் குறைந்தது. ஒரு நீண்ட மூச்சு கரகரவென்று உள்ளே போயிற்று. நிறம் மெல்லத் திரும்பியது. அத்தை தரையில் உட்கார்ந்து, மிளகாய்க் கை படாமல் புறங்கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குப் பார்க்குலயும் இதானா?"

நான் கையிலிருந்த கொட்டாப்புளியைக் கீழே வைத்தேன்.

"நானு இந்தப் புள்ளைய வாசல்ல வெச்சு இன்னாலாம் கேட்டேன். குதிக்க மாட்டேன் அத்தேன்னு சொல்லிச்சே..."

அம்மா பின்கட்டுக்குள் வந்தாள். கேனைக் கீழே வைக்கவில்லை. கிடக்கும் அக்காவைப் பார்த்தாள். உடனே அத்தையைப் பார்த்தாள். "காலைல சாப்பிடல, அதான் மயக்கம்..." என்று தொடங்கினாள். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உடுங்க. எங்க வூட்டுக்காரரோட தங்கச்சிக்கும் இருக்குதுங்க. ரெண்டு புள்ள பெத்து நல்லாத்தான் இருக்குது. நேரத்துக்கு மாத்திரை குடுக்கறீங்கல்ல?"

அம்மா கேனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

என் அலறல் எப்படியோ உள்ளே எட்டியிருக்கிறது; சற்றுப் பிந்தி அப்பா எழுந்து வந்தார். அக்காவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவளை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். திரும்பி வந்து ஆளில்லாத பலகையின் முன்னால் நின்றார். மேலே எழுந்து நின்ற அக்காவின் முனையில் ஒரு செங்கல்லை வைத்தார், போதவில்லை, வேறு கற்களையும் வைத்தார். அக்காவின் எடை வந்ததும் பலகையை மேலே தள்ளி விட்டார். அது இறங்கியது. மறுபடி தள்ளினார். இறங்கியது.

"பெல்ட்ட நிறுத்துனா ஆளு பொழச்சிருவான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "அதையே இங்கயும்..." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சரியாத்தான் இழுத்த பிள்ள" என்றார். நான் சரியாகச் செய்ததால்தான் அது நடந்தது என்ற எண்ணம் அன்றுதான் எனக்குள் வந்தது. பல ஆண்டுகள் அது என்னைவிட்டுப் போகவில்லை. எந்தக் கயிற்றைக் கண்டாலும், மின்சாரச் சுவிட்சைக் கண்டாலும்கூட, கை ஒரு கணம் தயங்கும்.

அப்பா கயிற்றை அறுத்தெறிந்தார். சேலையை அம்மா தானே எடுத்துக் கிழித்துக் கரித்துணியாக்கினாள். நடுக்கம்பத்தை ஓர் அடி குறைத்து, இருக்கைக்கு இருபுறமும் கைப்பிடி வைத்து, கீழே தேய்ந்த பெல்ட் ரப்பரை விரித்தார் அப்பா. அம்மா அதை உடைத்துப்போடச் சொன்னாள். அக்கா ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தாள். அதன் பிறகு அம்மா உடைக்கச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு மாலை வேலியின் உடைந்த இடத்தில் வந்து நின்றாள். "நீ குதிக்கலன்னு எங்கம்மா சொல்லுச்சு."

"ஆமா. குதிக்கல."

"நா ஒக்காரட்டா?"

"இது ஒத்த ஆளுக்கு" என்றாள் அக்கா, ஆடிக்கொண்டே. "உனக்கு வேணும்னா உங்கப்பாட்ட செய்யச் சொல்லு."

அவள் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் அக்காவே அப்பாவிடம் டின்னைக் கழற்றச் சொன்னாள். டின் வேலியோரம் போயிற்று, அதன் இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்தாள். எதிரே உட்கார நான் அன்றும் கேட்கவில்லை; பிறகும் கேட்கவில்லை. அப்போது என் கையில் கயிறு இல்லை. ஆனாலும் பலா மரத்தடியில் நின்று, அக்காவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு வந்தபோது பலகையை அங்கேயே விட்டுவிட்டோம். அப்பா போய்ச் சேர்ந்து நெடுங்காலம் ஆகிறது. கடைசிவரை பேருந்தில் குனிந்து பார்ப்பதை விடாத அம்மாவும் போய்விட்டாள். அக்கா என்னோடு இருக்கிறாள். வலிப்பு வந்து பல வருடங்கள் ஆயின. மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. காலையில் அவள் கட்டிலில் அமர்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, செய்தித்தாளை எனக்குக் கேட்கும்படி வாசிப்பாள். உயரமான கட்டில், பாதங்கள் தரையைத் தொடுவதில்லை. நான் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் குரல் நிற்காமல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது நாங்கள் இருவர்தான்.